தலையாட்டி வேஷம்

ஆக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டனில் நான் இருந்த அறை, அறையாகக் கட்டப்பட்டதல்ல. கராஜை நடுவில் பலகை வைத்து மறித்திருந்தார்கள். ஒரு பாதியில் வீட்டுக்காரரின் புல்வெட்டும் இயந்திரமும் பழைய டயர்களும், மறுபாதியில் நான். சுவரில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். பிளீச் போட்டுத் துடைத்தால் ஒரு வாரம் போகும், பிறகு அதே இடத்தில் அதே வடிவத்தில் வந்து நிற்கும். ஆனால் கூரை ஒழுகாது. கதவுக்குப் பூட்டு இருந்தது. படுத்தால் காலை நீட்டலாம். அதற்கு முன் ஐந்து வாரம் காரின் பின் இருக்கையில் முழங்காலை மடக்கிப் படுத்தவன் நான். அந்தக் குளிர்காலத்தில் எனக்கென்று இருந்தது அந்த அறை ஒன்றுதான்.

ஆக்லாந்தில் வீடு கேட்டுப் போனால், முன்பு எங்கே இருந்தாய், உன்னைப் பற்றி யார் சொல்வார்கள் என்று கேட்பார்கள். என்னைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பில் பள்ளியை விட்டு ஓடியவன். திருப்பூர், சென்னை, ஜொகூர், பிறகு சமையல்காரன் விசாவில் இங்கே. எந்த ஊரிலும் முழுதாக இரண்டு வருடம் இருந்ததில்லை. என்னைக் கூட்டிவந்த உணவகம் மூடிவிட்டது. விசாவை மாற்றிக்கொண்டு பென்ரோஸில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கப் போனேன். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர்தான் வீட்டுக்காரர். நான் இருமிக்கொண்டே வேலைக்கு வருவதைப் பார்த்து, காரில் படுக்கிறேன் என்று தெரிந்துகொண்டு, கராஜைக் கொடுத்தார். இரக்கம் என்று நான் நினைத்தேன். மார்ட்கேஜ், வீட்டுக் கடன் கட்ட வேண்டும் என்று அவரே சொன்னார்.

அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் சினிமா பார்த்துக் கெட்டுப்போனவர்கள் என்பது அவருடைய முடிவு.

"நீங்கள் எல்லாரும் பேசுறியள் தம்பி. நாங்கள்தான் கதைக்கிறம்," என்பார். அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது.

"உங்க தமிழு ரெண்டு தடவ சொன்னாத்தான்ணே எனக்குப் புரியுது."

"ஒருக்காச் சொல்ல விளங்கிறவனோடைதான் நான் கதைக்கிறனான். உம்மோடை சும்மா சத்தம் போடுறன்."

என்னை 'நீர்' என்பார். எங்கள் பக்கத்தில் 'நீர்' என்றால் நாடகத்தில் ராஜா மந்திரியைக் கேட்பது. என்னைக் கிண்டல் செய்கிறார் என்றே மூன்று மாதம் நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அது அவர்களுக்குச் சாதாரணம், 'நீ' என்று இறக்காமலும் 'நீங்கள்' என்று ஏற்றாமலும் இருக்கிற நடுச்சொல் என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பிறகும் கோபம் போகவில்லை. கோபத்துக்கு வேறு காரணங்கள் இருந்தன. ஹீட்டரை எட்டு மணிக்கு மேல் போடக் கூடாது. கருவாடு வறுக்கக் கூடாது. வாரக் கடைசியில் நண்பர்கள் வரக் கூடாது. எனக்கு நண்பர்களே இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

கிடங்கு முதலாளிக்கு லண்டனில் ஒரு மைத்துனர். படம் எடுப்பவர். எடுத்துக்கொண்டே இருப்பவர், முடித்தது குறைவு என்று முதலாளியே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்த ஜூலையில் அந்த மைத்துனர் ஏழெட்டுப் பேரோடும் இரண்டு கேமராவோடும் வந்து இறங்கினார். ஒற்றர்களைப் பற்றிய சிரிப்புப் படம். இரண்டு பிரிட்டிஷ் ஒற்றர்கள், ஒருவரையொருவர் தெரியாதவர்கள், ஒரு வெயில் நாட்டுக்குப் போகிறார்கள். ஒருவன் மற்றவனை எதிரி என்று நினைத்து வேவு பார்க்கிறான். கடைசியில் இரண்டு பேரும் ஒரே சிறையில் மாட்டிக்கொள்கிறார்கள். லண்டன் காட்சிகளை லண்டனிலேயே எடுத்து முடித்திருந்தார்கள். வெயில் நாட்டுக்குப் போகக் கையில் காசில்லை. முதலாளியின் கிடங்கில் காலிப் பாதி சும்மா கிடைக்கும், கறுத்த தோல் வேலையாட்களும் அங்கேயே கிடைப்பார்கள் என்று இங்கே வந்துவிட்டார்கள். ஜூலையில் ஆக்லாந்து குளிர்காலத்தில் இருக்கும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை போல. வாயைத் திறந்தால் புகை வரும் குளிரில், குளிர்ச் சட்டையைக் கழற்றிவிட்டு, நெற்றியில் வியர்வைக்காகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு, நாங்கள் வெயில் நாட்டுக்காரர்களாக நின்றோம்.

காலிப் பாதியை அட்டையாலும் பெயின்டாலும் சிறையாக்கியிருந்தார்கள். சிறை வாசலில் ஒரு பெரிய பலகை. அந்த நாட்டு மொழியில் ஏதோ எழுதியிருக்க வேண்டும் என்று, கலை வேலை பார்த்த பெண் கடையில் ஒரு அப்பளப் பாக்கெட் வாங்கி, அதிலிருந்த எழுத்தை அழகாகப் பார்த்து வரைந்திருந்தாள். 'ஈரம் படாத இடத்தில் வைக்கவும்'. நானும் வீட்டுக்காரரும் அதைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்குத் தெரிந்து நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு முறைதான்.

கிடங்கிலிருந்து ஒன்பது பேரை எடுத்தார்கள். ஃபிஜிக்காரர்கள் நாலு பேர், குஜராத்திகள் இரண்டு பேர், மலேசியத் தமிழர் ஒருவர், வீட்டுக்காரர், நான். நாலு நாள் வேலை, கிடங்குச் சம்பளம். எனக்கு அது பெட்டி தூக்காத நாலு நாள், அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கு அப்படியில்லை. மீசைக்குச் சாயம் போட்டார். பக்கத்தில் எப்சமில் இருந்த மச்சானுக்கும், டொரண்டோவில் இருந்த தங்கைக்கும், லண்டனில் யார் யாருக்கோ எல்லாம் போன் போட்டு, "ஓம், ஓம், இங்கிலீசுப் படம்தான். லண்டனில தியேட்டரில போடுவினமாம்," என்று சொன்னார். கைதிகள் வரிசையில் நிற்கும் வேஷம். காவலர்கள் அவரை இழுத்துப் போகும்போது, உங்கள் மொழியில் எதையாவது கத்துங்கள் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். கராஜின் மறுபாதியில் டயர்களுக்கு நடுவில் நின்று அவர் கத்திப் பழகுவது பலகைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

"நான் இல்லை ஐயா! நான் இல்லை!"

முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, மற்றவர்களைவிட உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கிறேன் என்று தனியாக ஒரு வேஷம் கொடுத்தார்கள். தலையில் ஒரு சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அந்தச் சாக்கோடு சிறைக்குள் நடந்து வர வேண்டும். மறுநாள் கைதிகள் வரிசை முன்னால் நின்று தலையாட்ட வேண்டும். நகைச்சுவை என்னவென்றால், நான் எல்லோரையும் பார்த்துத் தலையாட்டுவேன், சுவரை, விளக்கை, காவலரின் நாயைக்கூட. உண்மையான ஒற்றர்கள் இருவரை மட்டும் விட்டுவிடுவேன். இயக்குநர் அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கு அதில் சிரிப்பதற்கு ஒன்றும் தெரியவில்லை, நானும் சிரித்தேன். அன்று நடந்து வரும் காட்சியை எடுத்து முடித்தார்கள். சாக்கில் வெங்காய நாற்றம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரின் மனைவி, கராஜில் தனியாகச் சமைக்க வேண்டாம், உள்ளே வந்து சாப்பிடும் என்று கூப்பிட்டார். அந்த வீட்டு மேசையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. புட்டும் மீன் குழம்பும். வீட்டுக்காரர் நல்ல மனநிலையில் இருந்தார். இயக்குநர் தன் மீசையைப் பாராட்டியதை இரண்டாம் முறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"உமக்கு என்ன வேசம் தம்பி?" என்று கேட்டார் அந்த அக்கா.

"தலையாட்டி வேஷங்க்கா."

குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"என்ன சொன்னனீர்?"

"தலையாட்டிண்ணே. சும்மா தலைய ஆட்டிக்கிட்டே இருக்கணும், அவ்ளோதான். எங்க ஊர்ப் பொம்ம மாதிரி." உட்கார்ந்தபடியே அந்தப் பொம்மை போல ஆடியும் காட்டினேன்.

"மூஞ்சையில என்ன போடுறவை?"

"சாக்கு. கண்ணுக்கு ரெண்டு ஓட்ட."

அவர் எழுந்து கை கழுவினார். தட்டில் பாதிப் புட்டு இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"நாளைக்கு அந்த வேசத்தைச் செய்யாதையும்."

"ஏண்ணே?"

"செய்யாதையும் எண்டாச் செய்யாதையும்."

பொறாமை என்று நினைத்தேன். எட்டுப் பேர் வரிசையில் அவர் ஒருவர். நானோ தனியாக, நடுவில். மீசைக்குச் சாயம் போட்டது அவர், தனி வேஷம் கிடைத்தது எனக்கு. அதனால்தான் இந்த உத்தரவு என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. ஹீட்டர் உத்தரவு, கருவாட்டு உத்தரவு, இப்போது இது.

"மூஞ்சியே தெரியாத வேஷம்ணே அது. அவ்ளோ ஆசைன்னா நீங்களே போட்டுக்குங்க, நான் வேணா வரிசைல நிக்கிறேன்."

அவர் திரும்பினார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நானோ? நான் அந்தச் சாக்கைப் போடுறதோ?" பிறகு மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு நீர் தலையாட்டினா, நாளைக்கே திறப்பைத் தந்திட்டு வெளிக்கிடும்."

திறப்பு என்றால் சாவி. நான் தட்டைத் தள்ளிவிட்டு கராஜுக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த அக்கா குடை பிடித்துக்கொண்டு, நான் விட்டுவந்த தட்டை மூடி எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே வரவில்லை. கதவருகில் நின்றே பேசினார்.

"உமக்குத் தெரியாது போல. எங்கட ஊரில தலையாட்டி எண்டாப் பொம்மை இல்லைத் தம்பி."

"பின்ன?"

"ஆமி வந்து ஊரைச் சுத்தி வளைக்கும். ஆம்பிளையளை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில வரிசையா நிப்பாட்டும். ஜீப்புக்குள்ள ஒருத்தன் சாக்கைப் போட்டுக்கொண்டு இருப்பான், கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. ஒவ்வொருத்தராய் அவனுக்கு முன்னால போகவேணும். அவன் ஆரைப் பாத்துத் தலையாட்டுறானோ அவையைக் கொண்டு போவினம். அவன்தான் தலையாட்டி. இவரின்ர அண்ணர் அப்பிடித்தான் போனவர். பள்ளிக்கூட வாத்தியார். பிறகு வரவே இல்லை. இவர் அவருக்கு அடுத்ததாய் நிண்டவர். இவரைப் பாத்து அவன் ஆட்டேல்லை."

"சாக்குக்குள்ள யாரு இருந்தது?"

"இண்டைக்கும் தெரியாது. ஊர்க்காரன்தான் ஆரோ."

"எந்த ஆமிக்கா?"

"அதைக் கேக்காதையும். உமக்குத்தான் வெக்கமாய் இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது எங்கள் நாட்டு ராணுவம் என்று எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் கோபமும் இருந்தது என்பதை எழுத வேண்டும். அவர் இதை ஒரு வாக்கியத்தில் எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அறையைக் காட்டி மிரட்டினார். என்னை எப்போதும் அறையைக் காட்டித்தான் எல்லோரும் மிரட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் இயக்குநரின் உதவியாளராக இருந்த பெண்ணிடம் போய், வேஷத்தை வேறு யாருக்காவது கொடுக்க முடியுமா என்று கேட்டேன். நேற்று சாக்கோடு நடந்து வந்தது நான், என் உயரமும் நடையும் படத்தில் வந்தாகிவிட்டது, இனி ஆளை மாற்ற முடியாது என்றாள். சும்மா தலையை ஆட்டத்தானே சொல்கிறோம், அதில் என்ன கஷ்டம் என்றும் கேட்டாள். அவள் கேட்டது நியாயம். அவளிடம் யாழ்ப்பாணத்துப் பள்ளி மைதானத்தைப் பற்றிச் சொல்லும் அளவு என் ஆங்கிலம் வளரவில்லை. நான் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. முதலாளியின் மைத்துனரிடம் முடியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அதோடு, வீட்டுக்காரர் என்னை மிரட்டி ஜெயித்தார் என்று இருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டும் சேர்ந்துகொண்டன. அவர் இன்று வரமாட்டார், நான் ஆட்டியதை அவர் கண்ணால் பார்க்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் வந்தார். சாயம் போட்ட மீசையோடு, துவைத்த சட்டையோடு வந்தார். அந்தச் சட்டையில் தேநீர்த் தண்ணீர் தெளித்து அழுக்காக்கினார்கள். வரிசையில் மூன்றாவதாக நின்றார். சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் வருவதைப் பார்த்தார்.

"நீங்கள் வந்திட்டியள்," என்றார். நீர் போய்விட்டது. நீங்கள் என்றார், வங்கிக்காரரிடம் பேசுவது போல.

சாக்கை மாட்டினேன். ஓட்டை வழியாக ஒரு நேரத்தில் ஒரு முகம்தான் தெரியும். முதல் ஆள் ஃபிஜிக்காரர், கண்ணடித்தார். ஆட்டினேன். இரண்டாவது மலேசியத் தமிழர். ஆட்டினேன். மூன்றாவது அவர்.

என் தலை ஆடியது, பக்கவாட்டில். எங்கள் பக்கத்தில் 'சரி' என்பதற்கு அப்படித்தான் ஆட்டுவோம். முதல் இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுத்தபடி மேலும் கீழும் ஆட்டியவன், அவர் முன்னால் வந்ததும் ஊர் ஆட்டத்துக்குப் போய்விட்டேன். இயக்குநர் நிறுத்தச் சொன்னார். இது ஆமாவா இல்லையா என்று கேட்டார். ஆமா என்றேன். பார்த்தால் இல்லை போலிருக்கிறது என்றார். மறுபடி எடுத்தார்கள். மறுபடி அவர் முன்னால் பக்கவாட்டில் ஆடியது. அதற்குள் தகரக் கூரையில் மழை அடித்து, ஒலி பதிகிறவர் கையைத் தூக்கினார். மழை நிற்கும் வரை எல்லோரும் அவரவர் இடத்தில் காத்திருந்தோம். வெயில் நாட்டுக் கைதிகள் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சாக்கைக் கழற்றவில்லை.

"டேய், ஒழுங்கா ஆட்டுடா. காலு வலிக்குது லா," என்றார் மலேசியக்காரர்.

"தஞ்சாவூர்க்காரன் தலைல ஸ்பிரிங்கு லா," என்று அவரே குஜராத்திகளுக்குத் தமிழில் விளக்கினார். அவர்கள் புரியாமலே சிரித்தார்கள்.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு முழம்தான் இருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஆட்டுங்கோ. வடிவா ஆட்டுங்கோ. மேலையும் கீழையும். எப்பிடி ஆட்டுறதெண்டு எனக்குத் தெரியும். நான் பாத்தனான்."

மழை நின்றது. கேமரா ஓடியது. முதல் ஆள், இரண்டாவது ஆள். அவரைப் பார்த்தேன். மேலும் கீழும் ஆட்டினேன். சரியாக ஆட்டினேன்.

காவலர் வேஷம் போட்ட இருவர் அவர் தோளைப் பிடித்தார்கள். அவர் கத்தினார். கராஜில் பழகியதைக் கத்தவில்லை. ஒரு பெயரைக் கத்தினார். முழுப் பெயர். அதோடு ஊர்ப் பெயர். பிறகு, "வாத்தியார் ஐயா அவர்! படிப்பிக்கிற வாத்தியார்! ஒண்டும் செய்யேல்லை, விடுங்கோ! கொண்டு போகாதேங்கோ!" கால் இழுபட, கதவு வரைக்கும் அதையே கத்திக்கொண்டு போனார். முழங்கால் சிமெண்டில் உரசும் சத்தமும் கேட்டது.

எல்லோரும் கை தட்டினார்கள். இயக்குநர் துள்ளிக்கொண்டு வந்தார். என் சாக்கை அவரே தூக்கிவிட்டு, அந்த மனிதர் என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். அவருடைய அண்ணன் ஒரு ஆசிரியர், அவரை விட்டுவிடுங்கள் என்கிறார் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நல்லது, ஆனால் அதில் சிரிப்பு இல்லையே என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, படத்தில் அந்த இடத்தில் கீழே எழுத்துப் போடுவோம், 'அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்தேன், கருகிவிடும், விடுங்கள்' என்று போடுவோம், தியேட்டரே கலகலக்கும் என்றார். சுற்றி நின்றவர்கள் அப்போதே கலகலத்தார்கள்.

அவருக்கு அதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. தெரியாதவன் சிரிக்கிறான். ஆனால் அந்த நேரத்தில் அவர் பல்லை உடைக்கலாம் போல இருந்தது. உடைக்கவில்லை. என் வாயில் வந்தது பொய். முன்னால் சொன்னது மரியாதைக்காக மாற்றிச் சொன்னது, அவர் உண்மையில் கத்தியது மிகக் கெட்ட வார்த்தை, தாயைப் பற்றிய வார்த்தை என்றேன். லண்டன் முழுக்கத் தமிழர்கள் இருக்கிறார்கள், தியேட்டரில் இதைக் கேட்டால் நாற்காலியை உடைப்பார்கள் என்றேன். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. கையிலிருந்த காகிதத்தால் தொடையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அந்தச் சத்தத்தை அழித்துவிடலாம், மறுபடி எடுப்போம், இந்த முறை யாரும் பேச வேண்டாம் என்றார்.

உதவியாளப் பெண் வீட்டுக்காரரிடம் போய், தயவுசெய்து கெட்ட வார்த்தை வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னாள். நான் கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை என்றார் அவர் ஆங்கிலத்தில். பரவாயில்லை, பரவாயில்லை என்றாள் அவள், குழந்தையிடம் சொல்வது போல. அவர் அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். யார் சொல்லியிருப்பார்கள் என்று கண்டுபிடிப்பதில் கஷ்டம் இல்லை. அங்கே அவர் பேசியது புரிந்தவர்கள் மலேசியக்காரரும் நானும்தான். மலேசியக்காரர் தேநீர் வாங்கப் போயிருந்தார்.

மறுபடி ஆட்டினேன். மறுபடி இழுத்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு போனார். முன்னதைவிட இதுதான் சிரிப்பாக இருக்கிறது என்றார் இயக்குநர்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவர் கராஜ் வாசலில் நின்றிருந்தார். முழங்காலில் பிளாஸ்திரி. என் பைகளை யாரும் தொட்டிருக்கவில்லை. நான்தான் கட்ட வேண்டும் என்று விட்டிருந்தார்கள். அந்த அக்கா உள்ளே ஜன்னலில் நின்றார்.

"அண்ணே, நீங்க கெட்ட வார்த்தை பேசுனீங்கன்னு நான் சொன்னது பொய்தான்," என்றேன். "அவங்க அதுக்குக் கீழ சோறு கருகுதுன்னு எழுதிப் போடப் பாத்தாங்க. நீங்க உங்க அண்ணன் பேரச் சொல்லச் சொல்ல தியேட்டரே சிரிச்சிருக்கும். அதான் அத அழிக்க வச்சேன்."

"சோறு கருகுது எண்டோ."

"ஆமாண்ணே."

"உங்களை ஆர் கேட்டது?"

"சிரிப்பாங்கண்ணே."

"சிரிக்கட்டுமே!" அந்தத் தெருவில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "வெள்ளையள் சிரிக்கட்டும். லண்டனில அவரோடை படிச்சவை இருக்கினம், அவரிட்டைப் படிச்சவை இருக்கினம். ஆரோ ஒரு ஆள் அந்தப் பேரைக் கேட்டிருக்கும். ஊர்ப் பேரையும் சேத்துத்தானே சொன்னனான். அண்டைக்கு நான் பக்கத்தில நிண்டனான். வாய் திறக்கேல்லை. திறந்தா என்னையும் கொண்டு போவினம் எண்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். இண்டைக்குத்தான் கத்தினனான். அதையும் நீங்கள் வெட்டிப்போட்டியள்."

அவர் காலையில் எதற்கு வந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"திறப்பைத் தாங்கோ," என்றார்.

கொடுத்தேன். பைகள் மூன்று, ஒரு அரிசிக் குக்கர், மெத்தை அவர்களுடையது. நான் காரில் ஏற்றி முடிக்கும் வரை அவர் அங்கேயே நின்றார். உதவவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அந்த அக்கா ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க வணிக வளாகத்தின் கார் நிறுத்தத்தில் படுத்தேன். கிடங்கில் அவர் என்னைக் கடந்து போகும்போது ஃபோர்க்லிஃப்ட்டின் ஹாரனை மட்டும் அடிப்பார், எல்லோருக்கும் அடிப்பது போல. இருமல் திரும்ப வந்ததும் வேலையை விட்டுவிட்டு, பழம் பொதி கட்டும் வேலைக்குத் தெற்கே போனேன்.

படத்தை அங்கேதான் பார்த்தேன். விடுதியில் கூட இருந்த ஒருவன் கணினியில் எங்கிருந்தோ இறக்கியிருந்தான். தியேட்டரில் ஓடியதா என்று தெரியவில்லை. ஒற்றர்கள் சிறையிலிருந்து தப்புவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். கைதிகள் வரிசையில் மட்டும் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு சாக்குத் தலை ஆடுகிறது, கறுத்த மீசைக்காரர் ஒருவரைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு போகிறார்கள், பின்னணியில் ஒரு டிரம்பெட் ஊதுகிறது.

அந்தப் பெயர் எனக்கு நினைவிருக்கிறது, ஊர்ப் பெயரோடு. இதை எழுதும்போது பலமுறை அதை எழுதப் போய் நிறுத்தினேன். எழுதினால் யாராவது ஒருவர் படிக்கக்கூடும். ஆனால் அவரைக் கேட்காமல் வெட்டியவன் நான். கேட்காமல் எழுதவும் என்னால் முடியவில்லை. கேட்பதற்கு அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். இன்னும் தட்டவில்லை.